வேருக்குக் காற்று: மரமேறும் சேம்பினச் செடிகளுக்கான தொட்டிக் கலவை பற்றிய ஓர் ஆய்வு

1. ஆய்வின் பொருளும் எல்லையும்

தமிழ்நாட்டு வீடுகளின் கூடத்திலும் மாடிப்படி ஓரத்திலும் இன்று அதிகம் கண்ணில் படும் இலைச்செடிகள் மணி பிளாண்ட், மான்ஸ்டெரா, பிலோடென்ட்ரான், ஆந்தூரியம் ஆகியவை. நான்கும் சேம்புக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இவற்றை வாங்கி வருபவர்கள் நீர் ஊற்றுவதில் கவனமாக இருக்கிறார்கள், உரம் வைக்கிறார்கள், வெயில் படாமல் பார்த்துக்கொள்கிறார்கள். ஆனாலும் சில மாதங்களில் அடி இலை மஞ்சளாகி, தண்டின் கீழ்ப்பகுதி கருத்து, செடி சாய்ந்துவிடுகிறது. தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தால் வேர் பழுப்பாகக் குழைந்திருக்கும். இதைப் பெரும்பாலும் ‘நோய்’ என்று சொல்லி மருந்து தேடுகிறோம். பித்தியம், பைட்டாப்தோரா போன்ற அழுகல் கிருமிகள் அங்கே இருப்பது உண்மைதான். ஆனால் மூச்சுத் திணறிய வேரில்தான் அவை எளிதில் நுழைகின்றன. கோளாறு தொடங்கும் இடம் தொட்டிக் கலவை.

இக்கட்டுரை நிறுவ முயல்வது ஒன்றே: இவ்வகைச் செடிக்குக் கலவை தேரும்போது அதன் சத்தைவிட அதில் தங்கும் காற்றையே முதலில் பார்க்க வேண்டும். சத்தைப் பிறகு எப்போது வேண்டுமானாலும் கொடுக்கலாம். செடி வைத்த தொட்டிக்குள் காற்றிடத்தைப் பின்னர் உண்டாக்க முடியாது. ரோஜா, மல்லிகை போன்ற வெயில் செடிகளும் கள்ளியினச் செடிகளும் இந்த ஆய்வின் எல்லைக்குள் வரவில்லை. அவற்றின் தேவை வேறு.

2. பிறந்த இடம்

ஒரே குடும்பம் என்பதால் ஒரே மண் பொருந்தும் என்று எண்ணக் கூடாது. நம் ஊர்ச் சேம்பு வாய்க்கால் ஓரத்துச் சேற்றில் செழிக்கிறது. கருணைக்கிழங்கு நிலத்துக்குள் திரள்கிறது. அதே குடும்பத்து மான்ஸ்டெராவோ மரத்தில் ஏறி வாழ்வது.

மான்ஸ்டெரா டெலிசியோசாவின் தாயகம் தென் மெக்சிகோவிலிருந்து பனாமா வரையிலான ஈரக்காடுகள். டென்மார்க் தாவரவியலாளர் லீப்மன் 1849இல் அதற்குப் பெயரிட்டார். இந்தப் பேரினத்துக் கொடி ஒன்றைப் பற்றி ஸ்ட்ராங், ரே என்ற இருவர் 1975இல் வெளியிட்ட ஆய்வு வியப்பூட்டுவது. தரையில் முளைக்கும் நாற்று வெளிச்சத்தைத் தேடாமல், அருகிலுள்ள இருண்ட பகுதியை நோக்கி ஊர்கிறது. காட்டில் அந்த இருள் பெரும்பாலும் ஒரு மரத்தின் அடித்தண்டு. தண்டைத் தொட்டதும் அது மேலேறத் தொடங்குகிறது. மரப்பட்டையின் வெடிப்பிலும் பாசியிலும் மக்கிய இலைச்செத்தையிலும் வேர்விட்டு, நீண்ட காற்றுவேர்களைக் கீழே இறக்குகிறது. மணி பிளாண்ட் பசிபிக்கின் சொசைட்டித் தீவுகளில் ஒன்றான மோரேயாவைச் சேர்ந்தது, அதுவும் மரமேறி. வீடுகளில் பரவலாக வளர்க்கப்படும் ஆந்தூரியத்தின் தாயகம் கொலம்பியாவும் ஈக்வடாரும். நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் ராபிடோபோரா பெர்டூசா என்ற, இலையில் ஓட்டை விழும் சேம்பினக் கொடி மரங்களைப் பற்றி ஏறுவதைக் காணலாம். மான்ஸ்டெராவின் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள மெக்சிகோ வரை போக வேண்டியதில்லை.

இந்த இடங்கள் அனைத்துக்கும் பொதுவான தன்மை ஒன்று உண்டு. மழை அடிக்கடி பெய்கிறது. பெய்த நீர் உடனே வழிந்தும் விடுகிறது. வேர் நனைந்த சிறிது நேரத்தில் அதைச் சுற்றிலும் மீண்டும் காற்று. ஈரமும் காற்றும் ஒருசேரக் கிடைக்கும் இந்த நிலையைத் தொட்டிக்குள் உருவாக்குவதே நம் முன்னுள்ள வேலை.

3. தொட்டிக்குள் நீர் நிற்கும் விதம்

தோட்டத்து நல்ல மண்ணை அள்ளித் தொட்டியில் போட்டால் அது ஏன் கெட்டுப்போகிறது? பலரும் கேட்கும் இக்கேள்விக்கு இயற்பியல் தெளிவாக விடை சொல்கிறது.

நிலத்தில் மண் பல அடி ஆழத்துக்குத் தொடர்ச்சியாக இருக்கிறது. மேலே விழுந்த நீரைக் கீழுள்ள மண் இழுத்துக்கொண்டே போகும். தொட்டியில் அந்தத் தொடர்ச்சி அறுந்துவிடுகிறது. அடித்துளை வரை வந்த நீருக்குக் கீழே இழுக்க ஆளில்லை. மண் துகள்களுக்கு இடையிலான நுண்துளைகள் அதைப் பிடித்து நிறுத்துகின்றன. துளை எவ்வளவு குறுகலோ அவ்வளவு உயரத்துக்கு நீர் நிற்கும். 1 மி.மீ. அகலத் துளை ஏறக்குறைய 3 செ.மீ. உயரத்துக்கு நீரைத் தாங்கும், 0.1 மி.மீ. துளை 30 செ.மீ. வரை தாங்கும். 15 செ.மீ. உயரமுள்ள தொட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் 0.2 மி.மீ.க்குக் குறுகிய துளைகள் மட்டுமே இருந்தால், உபரி நீர் முழுவதும் வடிந்த பின்னரும் மேற்பரப்பு வரை தண்ணீரே நிறைந்திருக்கும். அடியில் ஓட்டை இருக்கிறதே என்று நாம் நிம்மதியாக இருப்போம். உள்ளே காற்றுக்கு இடமிராது.

களிமண் துகள் 0.002 மி.மீ.க்கும் சிறியது. கரிசலோ வண்டலோ தொட்டிக்கு ஆகாமல் போவதற்கு இதுவே காரணம். அந்த மண்ணில் குறை எதுவும் இல்லை. அது இருக்க வேண்டிய இடம் வயல்.

இதிலிருந்து இரண்டு முடிவுகள் கிடைக்கின்றன. முதலாவது, தொட்டியின் அடியில் ஜல்லி பரப்பும் பழக்கம் வடிகாலுக்கு உதவாது. நுண்துளை மண்ணிலிருந்து பெருந்துளை ஜல்லிக்குள் நீர் எளிதில் இறங்காது. ஜல்லியை ஒட்டிய மண் முழுவதும் ஊறிய பிறகே சொட்டும். எனவே நீர் தேங்கும் பகுதி மறைவதில்லை, ஜல்லியின் உயரத்துக்கு மேலே தள்ளப்பட்டு வேரை நெருங்கிவிடுகிறது. மண் கொட்டாதிருக்கத் துளையின் மேல் ஒரு ஓட்டுச்சில்லு வைப்பதில் தவறில்லை. நான்கு விரற்கடை ஜல்லி வைப்பது தீங்கு. இரண்டாவது, ஒரே கலவை உயரமான தொட்டியில் அதிகக் காற்றோடும், தட்டையான தொட்டியில் குறைந்த காற்றோடும் இருக்கும். நீர் தேங்கும் அடுக்கின் கனம் இரண்டிலும் ஒன்றே. தட்டைத் தொட்டியில் அதுவே பாதித் தொட்டியை எடுத்துக்கொள்ளும். அழகுக்காக ஆழமில்லாத பீங்கான் தொட்டியைத் தேர்ந்தெடுப்பவர்கள் கலவையை இன்னும் கரடாக்கிக்கொள்ள வேண்டும்.

காற்றில்லாமல் போவதன் விளைவு நம் ஊரில் மிகக் கடுமை. ஆக்சிஜன் நீரில் பரவும் வேகம், காற்றில் பரவுவதைவிட ஏறக்குறைய பத்தாயிரம் மடங்கு குறைவு. 20 பாகை வெப்பத்தில் ஒரு லிட்டர் நீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும். 30 பாகையில் அது 7.5 மில்லிகிராமாகக் குறைகிறது. அதே வேளையில் வெப்பம் 10 பாகை உயர்ந்தால் வேரின் சுவாசத் தேவை ஏறக்குறைய இரட்டிக்கிறது. வரவு குறைந்து செலவு கூடும் இந்த நிலை லண்டனின் குளிர்ந்த கண்ணாடி வீட்டில் இல்லை. மதுரையின் மே மாதத்தில் உண்டு. குளிர்நாட்டு நூல்கள் சொல்லும் கலவையைவிட நம் கலவை காற்றோட்டமாக இருக்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுவே அடிப்படை.

4. ஒரு மறுப்பும் அதற்கு விடையும்

‘மணி பிளாண்ட் வெறும் தண்ணீர்ப் புட்டியிலேயே வருடக்கணக்கில் வாழ்கிறதே, பிறகு ஈர மண்ணில் ஏன் அழுக வேண்டும்?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. புட்டியில் உள்ளது தெளிந்த நீர். அதில் மக்கும் பொருள் மிகக் குறைவு. ஆக்சிஜனைத் தின்னும் நுண்ணுயிர்களும் குறைவு. நீர் மட்டம் காற்றைத் தொட்டுக்கொண்டிருக்கிறது, வாரத்துக்கு ஒருமுறை நாம் நீரை மாற்றவும் செய்கிறோம். அங்கே முளைத்த வேர் தொடக்கத்திலிருந்தே நீருக்கு ஏற்ற அமைப்போடு வளர்ந்தது. சாணமும் இலைமக்கும் கலந்த சகதியில் நிலைமை நேர்மாறு. மக்கும் பொருளைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் கரைந்திருக்கும் சிறிதளவு ஆக்சிஜனையும் வேரோடு போட்டியிட்டுப் பறித்துக்கொள்கின்றன. புட்டியில் வாழ்வதைக் காட்டிச் சகதியை நியாயப்படுத்த முடியாது.

5. கலவைகளின் வரலாறு சுருக்கமாக

1930கள் வரை இங்கிலாந்தில் ஒவ்வொரு தோட்டக்காரரும் செடிக்கொரு கலவை வைத்திருந்தார்; அது அவரவர் தொழில் ரகசியம். ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிறுவனத்தைச் சேர்ந்த லாரன்ஸ், நியூவெல் இருவரும் பல ஆண்டு சோதனைக்குப் பிறகு இதை இரண்டே அடிப்படைக் கலவைகளுக்குள் கொண்டுவந்தனர்: விதைக்கு ஒன்று, தொட்டிக்கு ஒன்று. தொட்டிக் கலவையில் பருமன் அளவில் தோட்ட மண் 7 பங்கு, பீட் 3 பங்கு, மணல் 2 பங்கு. கிருமி நீக்கிய மண்ணைப் பயன்படுத்த வேண்டும் என்பதையும் அவர்கள் வலியுறுத்தினர். 1957இல் கலிபோர்னியா பல்கலைக்கழகம் வெளியிட்ட கையேடு மணலும் பீட்டும் கொண்ட கலவையை முன்வைத்தது. 1960களில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் பூட்லியும் ஷெல்ட்ரேக்கும் பீட்டோடு வெர்மிகுலைட், பெர்லைட் சேர்த்த கலவைகளை அறிமுகப்படுத்தினர். மண் முற்றிலும் வெளியேறியது. உலகெங்கும் இன்று பையில் விற்கும் கலவைகளில் பெரும்பகுதி இந்த வழிவந்ததே.

பீட் என்பது குளிர்நாட்டுச் சதுப்புகளில் பாசி மக்கி உண்டாவது. ஆண்டுக்கு ஏறக்குறைய 1 மி.மீ. கனமே சேர்கிறது. உலக நிலப்பரப்பில் சுமார் 3 விழுக்காடே இருக்கும் இச்சதுப்புகள் மண்ணில் தங்கியுள்ள கரியில் மூன்றில் ஒரு பங்கு வரை தேக்கி வைத்திருக்கின்றன. அதைத் தோண்டிக் கப்பலேற்றி, தென்னை நார்க் கழிவு மலையாகக் குவியும் பொள்ளாச்சிக்குக் கொண்டுவருவதில் எந்த அறிவும் இல்லை. இங்கிலாந்துத் தோட்டங்களிலேயே 1860களில் தேங்காய் நார்க் கழிவு பயன்பட்டிருக்கிறது. இடையில் பீட் அதை ஓரங்கட்டியது.

6. நம் கைக்கெட்டும் பொருள்கள்

6.1. தென்னை நார்க் கழிவு. கோகோபீட் என்று கட்டியாக விற்பது இதுவே. 5 கிலோ கட்டி நீரில் ஊறினால் ஏறக்குறைய 60 முதல் 75 லிட்டர் வரை பொங்கும். பிஎச் மதிப்பு பெரும்பாலும் 5.5 முதல் 6.5 வரை, நம் செடிகளுக்கு மிகப் பொருத்தம். லிக்னின் மிகுந்திருப்பதால் மெதுவாகவே மக்குகிறது. உலர்ந்து போனாலும் பீட்டைப் போல நீரைத் தள்ளாமல் மீண்டும் ஏற்றுக்கொள்கிறது.

இதன் பெரிய குறை உப்பு. மட்டையில் இயல்பாகவே பொட்டாசியம், சோடியம், குளோரைடு உண்டு. உப்பங்கழி நீரில் ஊறவைத்த மட்டையாக இருந்தால் உப்பு இன்னும் மிகும். கழுவாத கழிவில் நட்ட செடியின் இலை நுனி கருகுவதைப் பலரும் நீர்க்குறைவு என்று எண்ணி மேலும் நீர் ஊற்றுகிறார்கள். ஊறவைத்து, பிழிந்து, நீரை மாற்றி, வடியும் நீரின் நிறம் வெளிறும் வரை கழுவ வேண்டும். உப்பு அளக்கும் டிடிஎஸ் கருவி வீட்டில் இருந்தால், வடியும் நீரின் அளவு ஊற்றிய நீரின் அளவை நெருங்கும்போது நிறுத்தலாம். வெறும் நீரில் கழுவினாலும் துகளோடு ஒட்டியிருக்கும் சோடியமும் பொட்டாசியமும் முழுமையாகப் போவதில்லை. வணிகப் பண்ணைகளில் கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்து, கால்சியத்தை அந்த இடத்தில் ஏற்றுகிறார்கள். வீட்டில் அவ்வளவு செய்ய இயலாதவர்கள் பின்னர் கொடுக்கும் உரத்தில் கால்சியமும் மக்னீசியமும் இருக்கும்படி பார்த்துக்கொண்டால் போதும்.

இன்னொரு வேறுபாட்டையும் கவனிக்க வேண்டும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் மக்கிய நார்க் கழிவு வேறு பொருள். ஒரு டன் கழிவுக்கு 5 கிலோ யூரியாவும் சிப்பிக் காளான் வித்தும் இட்டு மக்கவைப்பது அது. கரி-தழைச்சத்து விகிதம் 112:1 என்பதிலிருந்து 24:1 அளவுக்கு இறங்குகிறது. வயலுக்கு அருமையான எரு. தொட்டியில் அதை உரமாகச் சிறிதளவு சேர்க்கலாம், கலவையின் உடலாக வைக்கக் கூடாது. துகள் மிக நுண்ணியது.

நார்க் கழிவை மட்டுமே நிரப்புவதும் தவறே. அது நீரைத் தாராளமாகப் பிடிக்கும். வெளிச்சம் குறைந்த கூடத்தில் செடி குடிக்கும் நீர் குறைவு. அடிப்பகுதி வாரக்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். ஈரம் விரும்பும் சிறு கொசு போன்ற ஈக்களும் அங்கே முட்டையிடும்.

6.2. கரடான பொருள்கள். காற்றிடத்தைத் தருபவை இவையே, ஆகவே கலவையின் உயிர்ப்பகுதி. வெளிநாட்டில் ஊசியிலை மரப்பட்டை பயன்படுகிறது. நமக்குத் தேங்காய் மட்டையை 1 முதல் 2 செ.மீ. துண்டுகளாக நறுக்கியது போதும். அதையும் ஊறவைத்துக் கழுவ வேண்டும். அடுப்புக்கரியைச் சுண்டைக்காய் அளவுக்கு உடைத்துப் போடலாம். அது எளிதில் மக்காது, துளை நிறைந்தது. செங்கல் துண்டு நல்லதே, ஆனால் கனம். உயரமாக வளரும் மான்ஸ்டெரா சாயாமலிருக்க அந்தக் கனமே சில சமயம் உதவுகிறது.

உமிக்கரிக்குத் தனி இடம் தர வேண்டும். கருக்கிய உமி இலேசானது, சிலிக்கா நிறைந்ததால் வடிவம் குலையாதது. ஆனால் அரிசி ஆலைக் கொதிகலனிலிருந்து வரும் சாம்பல்நிறத் தூளை உமிக்கரி என்று நம்பிக் கலக்கக் கூடாது. அது முற்றிலும் எரிந்த சாம்பல். காரத்தன்மை உடையது, துளைகளை அடைத்துவிடும். கருப்பாகவும் உமியின் வடிவத்தோடும் இருப்பதே நமக்குத் தேவை.

6.3. பெர்லைட், வெர்மிகுலைட். எரிமலைக் கண்ணாடியை 850 பாகைக்கு மேல் சூடாக்கிப் பொரித்தது பெர்லைட், காற்றுக்கு உதவும். வெர்மிகுலைட் அபிரகம் போன்ற கனிமம், நீரைப் பிடிக்கும். திருப்பத்தூரை அடுத்த சேவத்தூரில் தமிழ்நாடு கனிம நிறுவனம் இதை வெட்டியெடுக்கிறது. நாற்றுக்கு வெர்மிகுலைட் சிறந்தது. மரமேறும் சேம்பினத்துக்கு அதன் தேவை இல்லை. இரண்டையும் ஒன்றுக்கு மற்றொன்று மாற்று என்று சொல்லி விற்பதை ஏற்க வேண்டாம்.

6.4. மண்ணும் மணலும். செம்மண், மணல், தொழு உரம் சம அளவு என்ற நர்சரிக் கலவை மொட்டைமாடி வெயிலுக்கு ஏற்றது. அங்கே நீர் ஒரு நாளில் ஆவியாகிவிடும். கூடத்துக்குள் அதே கலவை பொருந்தாது. நைசான மணலைக் களியோடு கலந்தால் இடைவெளி அடைபட்டு இறுகும். எம்-சாண்ட் பயன்படுத்துவோர் கல்தூளைக் கழுவி நீக்கியாக வேண்டும். கடையிலிருந்து வந்த செடியின் வேர்ப்பந்து களிமண்ணாக இருந்தால், அதை நீரில் ஊறவைத்து மெல்லக் கரைத்துவிட்டே புதுக் கலவையில் நட வேண்டும். இல்லையெனில் சுற்றிலும் எவ்வளவு நல்ல கலவை இருந்தாலும் நடுவிலுள்ள களி உருண்டை நீரைத் தன்னோடு வைத்துக்கொள்ளும்.

6.5. எரு. மண்புழு உரமோ நன்கு மக்கிய தொழு உரமோ பத்தில் ஒரு பங்கு போதும். பச்சைச் சாணம் கூடாது.

7. அளந்து பார்த்தல்

கலவையைக் கையால் பிடித்துப் பார்த்துத் தீர்மானிப்பது அனுபவசாலிகளுக்குச் சரி. மற்றவர்களுக்கு வீட்டிலேயே செய்யக்கூடிய அளவீடு ஒன்று உண்டு. செடி வைக்கப் போகும் தொட்டியின் உயரமே உள்ள ஒரு பாத்திரத்தை எடுத்து, அடியில் துளையிட்டு, துளையை டேப்பால் அடைக்கவும். விளிம்பு வரை அது எத்தனை மில்லி நீர் கொள்ளும் என்று குறித்துக்கொண்டு நீரைக் கொட்டிவிடவும். ஈரமாக்கிய கலவையை நிரப்பி, இரண்டு முறை தரையில் தட்டி, மேற்பரப்பு பளபளக்கும் வரை நீரை மெதுவாக ஊற்றி, சில மணி நேரம் ஊறவிட்டு மீண்டும் அந்த மட்டத்துக்கு நிரப்பவும். பிறகு டேப்பை எடுத்து, வடியும் நீர் முழுவதையும் பிடித்து அளக்கவும். 1000 மில்லி பாத்திரத்தில் 250 மில்லி வடிந்தால் காற்றிடம் 25 விழுக்காடு.

பொதுவான தொட்டிச் செடிகளுக்கு 10 முதல் 20 விழுக்காடு போதும். மரமேறும் சேம்பினத்துக்கு 20க்குக் குறையக் கூடாது. 25 முதல் 30 வரை இருப்பது நலம். பாத்திரத்தின் உயரத்தை மாற்றினால் விடையும் மாறும் என்பதை மறக்க வேண்டாம்.

8. தீர்மானம்

சமவெளி நகரங்களில், கூடத்துக்குள் வளரும் மான்ஸ்டெரா, பிலோடென்ட்ரான், ஆந்தூரியம் ஆகியவற்றுக்கு என் பரிந்துரை, பருமன் அளவில் பத்துப் பங்காக: கழுவிய நார்க் கழிவு 3, மட்டைத் துண்டு 3, உடைத்த கரி அல்லது பெர்லைட் 2, உமிக்கரி 1, சலித்த மண்புழு உரம் 1. மணி பிளாண்ட் பொறுமைசாலி. மட்டைத் துண்டில் ஒரு பங்கைக் குறைத்துச் செம்மண் ஒரு பங்கு சேர்த்தாலும் தாங்கும்.

இந்த விகிதத்தைச் சட்டமாகக் கொள்ள வேண்டியதில்லை. நீர் ஊற்றும் கை எப்படிப்பட்டது என்பதும் கணக்கில் வர வேண்டும். தினமும் செடிக்கு எதையாவது செய்யாமல் இருக்க முடியாதவர்கள் கரடான பொருளைக் கூட்டட்டும். அடிக்கடி வெளியூர் போகிறவர்கள் நார்க் கழிவை ஒரு பங்கு ஏற்றலாம். களிமண்ணை மட்டும் ஏற்ற வேண்டாம். கொடைக்கானல், உதகை போன்ற குளிர்ந்த ஊர்களில் நீர் மெல்லத்தான் உலரும், ஆகவே அங்கும் கரடே நல்லது. மண் தொட்டி பக்கவாட்டில் நீரை ஆவியாக்கும். பிளாஸ்டிக் தொட்டி ஆவியாக்காது.

இக்கலவையில் சத்து குறைவு என்பதை ஒப்புக்கொண்டே பரிந்துரைக்கிறேன். வளரும் பருவத்தில் நீர்த்த உரக் கரைசலைச் சீராகக் கொடுக்க வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீரில் சுண்ணாம்புச் சத்து மிகுந்த பகுதிகளில் கலவையின் பிஎச் மதிப்பு மெல்ல ஏறும். இளம் இலை நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் மாறினால் இரும்புச்சத்து எட்டவில்லை என்று பொருள். மழைநீர் கிடைக்கும்போது சேமித்து ஊற்றினால் பெருமளவு சரியாகும். கரிமப் பொருள் நாளடைவில் நொறுங்கித் துளையை அடைப்பதால், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கலவையை மாற்ற வேண்டும்.

9. பையின் மேல் இருக்க வேண்டியவை

ஆஸ்திரேலியாவில் தொட்டிக் கலவைக்கென்றே ஏஎஸ் 3743 என்ற தர அளவுகோல் இருக்கிறது. காற்றிடம், நீர்ப்பிடிப்பு, உப்பு, பிஎச் ஆகியவை அதில் வரையறுக்கப்பட்டுள்ளன. நம் கடைகளில் நான் பார்த்த பைகளில் பெரும்பாலானவை எடையையும் இயற்கையானது என்ற பாராட்டையும் மட்டுமே தாங்கியுள்ளன. நார்க் கழிவை ஊர் ஊராக விளைவிக்கும் நாம், அதன் உப்பளவைக்கூட அறியாமல் வாங்குவது வருந்தத்தக்கது. கலவை தயாரிப்போர் மூன்றே எண்களைப் பையில் அச்சிட வேண்டும்: உப்பளவைக் காட்டும் மின்கடத்துதிறன், பிஎச் மதிப்பு, காற்றிட விழுக்காடு. அடுத்த முறை பை வாங்கும்போது கடைக்காரரிடம் இந்த மூன்றையும் கேளுங்கள். வாங்குபவர்கள் கேட்கத் தொடங்கினால் விற்பவர்கள் அச்சிடத் தொடங்குவார்கள்.